முன் இடது இருக்கை: பொருள்

விபத்து நடந்தபோது என் மனைவி செண்பகவல்லி என் பக்கத்து சீட்டில் இல்லை என்று எங்கள் கார் சொன்னது. அங்கே ஒரு பொருள் இருந்ததாம்.

என்ன பொருள் என்று கார் சொல்லவில்லை. அரிசி மூட்டையாக இருக்கலாம், பலாப்பழமாக இருக்கலாம். சீட்டில் ஏதோ கனமாக இருக்கிறது, அது ஆள் இல்லை, ஆகவே அதற்கு எதிரே உள்ள ஏர்பேக்கைத் திறக்க வேண்டியதில்லை என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் அது முடிவு செய்துவிட்டது. என் எதிரே இருந்த ஏர்பேக் திறந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

சாலைச் சாட்சியச் சட்டம் வந்து அப்போது நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் ஒவ்வொரு விபத்துக்கும் நாலு கதை இருக்கும். குடித்துவிட்டு ஓட்டிய முதலாளி மகனுக்குப் பதிலாக டிரைவர் ஜெயிலுக்குப் போவான். பார்க்காதவன் பார்த்தேன் என்பான், பார்த்தவன் ஊரைவிட்டுப் போய்விடுவான். இனி விபத்து வழக்கில் மனிதர் பேச்சு எடுபடாது, காரில் உள்ள சென்சார்களின் பதிவு ஒன்றே சாட்சி என்று சட்டம் வந்தபோது நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பவனாக முப்பது வருடம் இருந்தவன் நான். மனிதர்கள் எதையெல்லாம் தப்பாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தின்மேல் ஒரு மரியாதை இருந்தது.

சாத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. செண்பகம் வழக்கம்போல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காலைத் தொங்கப் போட்டு உட்காரவே வராது. தியேட்டரில், பஸ்ஸில், மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது பிரின்சிபால் அறை நாற்காலியில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடக்கிக்கொண்டாள். "கொலுவில வச்ச மாதிரி இருக்கே" என்பேன். "தொங்கப் போட்டா கால் கடுக்குது. உங்களுக்கென்ன?" என்பாள். பெல்ட் மட்டும் மறக்காமல் போடுவாள். அதில் என்னைவிடக் கறார்.

"பிள்ள அழவே இல்ல, பாத்தீகளா? தாய்மாமன்தான் அழுதான். செலவ நெனச்சிருப்பான்" என்றாள்.

நான் சிரித்தேன். எதிரே விளக்குப் போடாமல் ஒரு லாரி நின்றது.

வெள்ளரிக்காய் விற்கும் ஒருவர்தான் ஓடி வந்து, காய் நறுக்கும் கத்தியால் அவள் பெல்ட்டை அறுத்து வெளியே எடுத்தார். பிறகு மதுரையில் சாட்சிய மன்றத்துக்கும் தானாகவே வந்தார். "நான்தான்யா அறுத்தேன், இந்தக் கையால. முன்னாடி சீட்டு" என்று கையை நீட்டிக் காட்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, நீங்க மனுஷர். உங்க வார்த்தைய நாங்க எடுத்துக்க முடியாது."

பதிவு இதுதான். முன் வலது இருக்கை: நபர். முன் இடது இருக்கை: பொருள். பெல்ட் மாட்டியிருந்தது உண்மைதான். ஆனால் மூட்டையை வைத்தாலும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும், அந்தச் சத்தத்தை நிறுத்த மூட்டைக்கே பெல்ட் போடுவது எல்லோருக்கும் வழக்கம், ஆகவே பெல்ட் ஆளுக்கு அத்தாட்சி இல்லை என்றார்கள். முன் சீட்டில் பொருள் இருந்தது, காருக்குள் ஒரு பெண் இறந்திருக்கிறாள் என்றால், அவள் பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்து முன்னால் வந்து விழுந்தவள். அவள் சாவுக்கு அவளே பொறுப்பு.

புனேயில் இருக்கும் என் மகள் தாரணிக்கும் அந்த முடிவின் பிரதி போயிற்று. போன் செய்தாள்.

"அம்மாவ ஏம்ப்பா பின்னாடி உக்கார வச்சீங்க?"

"வைக்கலம்மா. என் பக்கத்துலதான் இருந்தா."

"சண்டையா ரெண்டு பேருக்கும்?"

"தாரணி, நான் சொல்றதக் கேளு..."

"கார் ஏம்ப்பா பொய் சொல்லப் போகுது?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளும் அந்தச் சட்டத்தை நம்பியவள். நான் கைதட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

எனக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. தண்டனையிலிருந்து தப்பவும் வேண்டியிருக்கவில்லை. என் மேல் வழக்கே இல்லை. செண்பகம் என் பக்கத்தில் இருந்தாள், பெல்ட் போட்டிருந்தாள் என்று அந்த மன்றத்தின் முடிவில் ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவளைச் சாகும் நேரத்தில் மூட்டையாக்கிப் பின்னால் தள்ளிவிட்டார்களே என்பதுதான் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

சட்டத்தில் ஒரே ஒரு வாசல் இருந்தது. சென்சாருக்குப் போகும் மின்சுற்றில் பழுது என்று காட்டினால் அந்தப் பதிவு செல்லாது. அதை உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரும் கார் கம்பெனி ஆளும் சேர்ந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

எட்டயபுரம் சாலையில் சுடலைமணியின் பட்டறை. நாற்பது வயது, வாய் ஓயாத ஆள். நொறுங்கிய காரை இழுத்துக்கொண்டு வந்து கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்தார். முன்பக்கம் கசங்கிக் கிடந்தது. சீட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சீட்டு மெத்தைக்குள்ள ஒரு பாய் மாதிரி விரிச்சிருப்பான் அண்ணாச்சி" என்றார். "அதுல சின்னச் சின்னப் புள்ளியா சென்சார். கனம் எங்கெங்க விழுதுன்னு பாக்கும். தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் சேந்து ஒரு உருவம் கிடைக்கும்லா, அத வச்சு ஆளா, பொருளா, காலியான்னு சொல்லும். குட்டிக் குழந்தைய வச்சிருந்தா ஏர்பேக் அடிச்சே கொன்னுரும்னுதான் இந்த ஏற்பாடு. நல்ல எண்ணந்தான்."

சீட்டுக்கு அடியில் குனிந்து மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்றைக் காட்டினார். "மஞ்சள்னா ஏர்பேக் லைன். மத்த ஒயரத் தொடுத மாதிரி இதத் தொடப்படாது. பேட்டரியக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும். இல்லைன்னா வெடிச்சு மூஞ்சில அடிக்கும். நூத்துக்குத் தொண்ணூறு பழுது இங்கதான். சீட்ட முன்னயும் பின்னயும் தள்ளித் தள்ளி ஒயர் நைஞ்சிரும். இல்ல, தண்ணி எறங்கிப் பச்சையாப் பூத்துரும்."

பேட்டரியைக் கழற்றினார், காத்திருந்தார், கனெக்டரைப் பிரித்தார். உள்ளே பித்தளை ஊசிகள் புதுசு போல மின்னின. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராக அளந்தார். பாயின் ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பேசிக்கொண்டே இருந்தவர் போகப் போகப் பேச்சைக் குறைத்தார்.

"என்ன சுடலைமணி?"

"காரு ரொம்பச் சுத்தம் அண்ணாச்சி. யாரு கழுவுவா?"

"செண்பகம்தான். உள்ள ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டா. ஈரத் துணியால துடைப்பா."

"அதான்" என்றார். அந்தச் சொல்லில் சந்தோஷம் இல்லை. "பழுதே இல்ல."

கனெக்டரைத் திரும்பப் பொருத்தி, வெளியில் கிடந்த பேட்டரி ஒன்றை இணைத்து ஸ்கேனரை மாட்டினார். திரையில் முன் இடது இருக்கை காலி என்று வந்தது. "நீங்க உக்காருங்க, பாப்போம்" என்றார். நான் அவள் சீட்டில் உட்கார்ந்தேன். அதுவரை அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. 'நபர்' என்று வந்தது. எழுந்தால் காலி. உட்கார்ந்தால் நபர். ஒரு சிமென்ட் மூட்டையை வைத்தார். பொருள். எல்லாம் சரியாகச் சொன்னது.

அவர் மீட்டரைத் துடைத்து வைக்கப் போனார். நான் மறுபடி அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்க நினைத்தேன். அவள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தால்தான் தெரியும் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி மடக்கிக்கொண்டேன்.

"அண்ணாச்சி" என்றார் சுடலைமணி, ஸ்கேனர் பக்கத்திலிருந்து. "அசையாதீக."

"அசையலயே."

"இப்ப நீங்க ஆள் இல்ல."

காலைக் கீழே விட்டேன். நபர். மடக்கினேன். பொருள். விட்டேன். நபர். சுடலைமணி தானும் ஏறிச் சம்மணம் போட்டார். பொருள். பக்கத்துக் கடைக்காரர், டீ கொண்டு வந்த அம்மாள், எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே காலை மடக்கினாள். "என்னய்யா, பொருளாமே நானு! எங்க வீட்டுக்காரர் கேட்டா சந்தோசப்படுவாரு."

கனமெல்லாம் நடுவில் ஒரு வட்டமாக விழுகிறது. தொடைகளின் இரண்டு கோடுகள் இல்லை. எந்த ஊர் மனிதர்களை உட்கார வைத்து அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களில் ஒருவர்கூட நாற்காலியில் சம்மணம் போடவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

கூட்டுச் சோதனைக்குக் கம்பெனியிலிருந்து ரோஷன் என்ற என்ஜினீயர் சென்னையிலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும். வந்ததும் "அம்மா விஷயத்துக்கு ரொம்ப வருத்தம் சார்" என்று சொன்னார். அது பொய்யாகத் தெரியவில்லை. சுடலைமணி அளந்த எல்லாவற்றையும் அவரும் அளந்தார். பிறகு நான் சீட்டில் ஏறிக் காலை மடக்கிக் காட்டினேன்.

ரோஷன் திரையைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இது பழுது இல்ல சார்" என்றார்.

"ஆளப் பொருள்னு சொல்லுது. இது பழுது இல்லையா?"

"பாதம் தரையில இருக்கணும்னு கையேட்டுலயே இருக்கு. அப்படி உட்கார்ந்தவங்களத்தான் நபர்னு சொல்லும். சென்சார் அதுக்குச் சொல்லிக் கொடுத்தத சரியா செய்யுது. சர்க்யூட் நல்லா இருக்குன்னா பதிவு செல்லும். சட்டத்துல ரெண்டே கட்டம்தான் சார், நல்லா இருக்கு, பழுது. மூணாவது கட்டம் இல்ல."

"அப்ப அவ எப்பத்தான் ஆளாவா?"

அவர் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தார். "பழுதுன்னு இருந்தா பதிவு ரத்தாயிடும். அப்ப நீங்க சொல்றத எடுத்துப்பாங்க. ஆனா பராமரிப்பு காரோட சொந்தக்காரர் பொறுப்பு. ஏர்பேக் திறக்காததுக்கு நீங்கதான் காரணம்னு ஆகும்."

சுடலைமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சார், உங்க வீட்ல யாரும் சம்மணம் போட மாட்டாகளா? எல்லாரும் தொரைமாரா?"

"எங்கம்மா அப்படித்தான் உட்காருவாங்க" என்றார் ரோஷன்.

"அவுககிட்டச் சொல்லியாச்சா?"

"பின் சீட்டுல உட்காரச் சொல்லிட்டேன்."

ரோஷன் ஸ்கேனரை அணைத்தார். பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, கனெக்டரை மறுபடி பிரித்தார். அதை அவர் மாட்டவில்லை. "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "வந்து கடைசியா ஒரு தடவை அளந்துட்டுக் கையெழுத்துப் போடறேன். கொஞ்சம் லேட்டாகும்."

பட்டறை வாசலிலேயே டீக்கடை இருந்தது. அவர் அதைத் தாண்டி நடந்து போனார்.

சுடலைமணி என்னைப் பார்த்தார். "வெளங்குதா அண்ணாச்சி?"

விளங்கியது.

"உப்புத் தண்ணியும் பேட்டரியும் இருந்தாப் போதும். பத்து வருசப் பச்சை அவரு டீ குடிச்சி முடிக்கதுக்குள்ள பூத்துரும். ஆனா யோசிச்சுக்கோங்க. இதச் செஞ்சா மதினி ஆளாயிருவாக. நீங்க அவுகளக் கொன்னவரு ஆயிருவீக."

என் மனைவி அந்தக் காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. அந்தப் பித்தளை ஊசிகளின் மினுமினுப்பு அவள் கை வேலை. அதைப் பார்த்துக்கொண்டே, "செய்யுங்க" என்றேன். அவர் தயங்கினார். தண்ணீரில் உப்பைக் கரைத்தது நான்தான்.

மன்றத்தில் நான் சொன்னேன்: ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவினேன், உள்ளேயும் குழாய்த் தண்ணீரை அடித்தேன், வருடா வருடம் அப்படித்தான் செய்வேன். ரோஷனின் அறிக்கையும் அதற்குப் பொருந்தி வந்தது. ஈரத்தால் விட்டு விட்டு வரும் பழுது, காரின் தற்சோதனையில் சிக்காத வகை. பதிவு ரத்தாயிற்று. அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த மன்றத்தில் ஒரு மனிதனின் வார்த்தையை எடுத்துக்கொள்வது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

"உங்க மனைவி எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

"என் பக்கத்துல."

"பெல்ட்?"

"போட்டிருந்தா."

முடிவை எழுதிக் கொடுத்தார்கள். முன் இடது இருக்கை: நபர். பெயர் செண்பகவல்லி. பழக்கத்தில் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பிழை இல்லை.

எனக்கு ஆயுளுக்கும் ஓட்டுநர் உரிமம் கிடையாது என்றார்கள். அதோடு இரண்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், புதிதாக உரிமம் வாங்க வருகிறவர்களுக்கு என் கதையைச் சொல்ல வேண்டும். காருக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், நான் ஊற்றினேன், என் மனைவி செத்தாள்.

தாரணி ஒரே ஒரு முறை பேசினாள். "நீங்க தண்ணி ஊத்தினப்ப அம்மா ஒண்ணும் சொல்லலையாப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், அவள் அம்மா விடமாட்டாள் என்று. நான் சொல்லியிருக்கலாம். போனில் சொல்லப் பயமாக இருந்தது. "இல்லம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவள் அழைப்பதில்லை. முதலில் அவள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்தவனாக இருந்தேன், இப்போது கொன்றவனாக இருக்கிறேன். ஆனால் அம்மா முன்னால் இருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வாங்கிய வரிக்கு விலை கொடுத்தாயிற்று என்று இருந்திருப்பேன்.

போன மாதம் சுடலைமணி வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே பேச்சைத் தொடங்குகிறவர், உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் வரை வாய் திறக்கவில்லை.

"தூத்துக்குடியில எங்க சங்கத்துக் கூட்டம் அண்ணாச்சி. ஏர்பேக் வேலை பாக்கவுக எல்லாம் வந்திருந்தோம். ஒருத்தன் சொன்னான், அவன்ட்டயும் இப்படி ஒரு கேஸ் வந்துச்சாம். வயசான அம்மா, கால மடக்கி உக்காந்தவுக. அங்கயும் கம்பெனி ஆளு வந்திருக்காரு."

"ரோஷனா?"

"ரோஷன்தான். அங்கயும் எங்கம்மா இப்படித்தான் உக்காருவாங்கன்னிருக்காரு. அங்கயும் டீ குடிக்கப் போயிருக்காரு."

அவர் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார்.

"திண்டுக்கல்காரன் ஒருத்தன் எந்திச்சான். எங்கிட்டயும் டீ குடிக்கப் போனாரேன்னான். அப்பறம் தஞ்சாவூர். எல்லாக் காருலயும் தண்ணி. எல்லாக் காருலயும் சொந்தக்காரன்தான் ஊத்தியிருக்கான்."

அந்தப் பையன் என் மேல் இரக்கப்பட்டான் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை இரங்கியும் இருக்கலாம். கம்பெனியில் இரக்கத்தையே வேலையாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்; தண்ணீர் ஊற்றினேன் என்று சொன்னவன் பிறகு சம்மணத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டான். ஒவ்வொரு புருஷனும் ஒவ்வொரு மகனும் தன் ஆளைப் பொருளாக விட மனம் இல்லாமல், தானே உப்பைக் கரைத்து, தானே பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறான். அந்தச் சென்சார் பாய் இன்னும் அப்படியே எல்லாக் கார்களிலும் விரிந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் முன் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். நான் பேசத் தொடங்கியதும் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டாள், கதை கேட்கிற மாதிரி. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் நான் சொல்வதெல்லாம் மன்றத்துக்குப் போகும். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும், தண்ணீர் கதை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். வழக்கு திரும்பத் திறக்கும்.

"என்ன சார், மறந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைப் பற்றியே பேசி முடித்தேன்.

வெளியே வந்தபோது அவள் புருஷன் காரோடு காத்திருந்தான். ஏறினாள், பெல்ட் போட்டாள், செருப்பை உதறிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். கார் புறப்பட்டபோது கண்ணாடியை இறக்கி, "வரேன் சார்" என்று கை காட்டினாள். நானும் கை காட்டினேன்.

அந்தக் கையோடு வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுடலைமணியிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. உரிமம் போனா பஞ்சர் ஒட்டுதேன். பேர மட்டும் சரியாப் போடுங்க. மன்றத்துல சுடலைமுத்துன்னு போட்டுட்டான்" என்றார். முதல் பிரதி தாரணிக்குப் போகிறது.

இது அச்சில் வந்தால் என் வாக்குமூலம் பொய் என்று ஆகும். கனெக்டரில் பழுது இருக்கவில்லை என்று ஆகும். பழுது இல்லையென்றால் பழைய பதிவு செல்லும். நீங்கள் இதைப் படிக்கும்போது செண்பகம் மறுபடியும் பொருளாகியிருப்பாள்.

அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். தாய்மாமனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

காரில் காலைத் தொங்கப் போட்டு உட்காருங்கள். கடுத்தாலும்.